எங்கள் ஏரியில் யாரும் குளித்ததில்லை

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தது தீபாவளிக்கு முந்தின மாதம். காலையில் ஏரிக்கு வேலைக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்து, ஈரக் கால்சட்டையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குளிருது" என்றார். கொடியில் போட்ட துணி மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்த வெயில். அந்த வெயிலில் ஒரு மனிதர் குளிருகிறது என்றால் என் புத்தி எங்கே போகும் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் கவலைப்படுகிற பிறவி. கடைக்குக் கிளம்பினால் கேஸை அடைத்தேனா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்புவேன். ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் வேலை செய்கிற மகள் போனை எடுக்கவில்லை என்றால் மற்ற அம்மாக்களுக்கு அவள் குளிக்கப் போயிருப்பாள் என்று தோன்றும். எனக்கு லோரி மோதிவிட்டதாகத் தோன்றும். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள் நான். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் இந்தப் பயம் குறைந்திருக்குமோ என்று ஒருமுறை மகளிடம் கேட்டேன். "இல்லம்மா, படிச்சிருந்தா இன்னும் நிறைய வியாதிங்களோட பேரு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்" என்றாள்.

இப்படிப்பட்டவள் பயந்தால் யார் காதில் வாங்குவார்கள்? அதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த முதல் சிக்கல். மற்றச் சிக்கல் விளங்க வேண்டுமென்றால் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஜொகூரில், கூலாயிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். ஆனாலும் எங்களுக்குக் கடற்கரை உண்டு. ஜொகூர் பாருவில் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் இங்கே மணல் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட ஊற்றுக் கிளம்பி, பம்பு வைத்து இறைத்தும் அடங்காமல், கம்பெனி ஒருநாள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெரிய ஏரி ஒன்றும், கழுவிய வெள்ளை மணல் மேடு மேடாகவும் மிஞ்சின. அதை ஒரு சீனத் தவுக்கே, பணக்கார முதலாளி, வந்து பார்த்தார். மேடுகளைத் தட்டிப் பரப்பினார். எங்கோ கடலோரத்திலிருந்து தென்னை மரங்களை வேரோடு லோரியில் கொண்டுவந்து நட்டார். பலகைக் குடில்கள் கட்டி, மிதித்து ஓட்டுகிற வாத்துப் படகுகள் வாங்கிவிட்டு, சாலையில் ஒரு பலகை வைத்தார்: நன்னீர்க் கடற்கரை.

அதோடு நின்றிருக்கலாம். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று கரையில் சிமெண்டில் ஒரு முதலையும் கட்டினார், வாயைப் பிளந்துகொண்டு. ஜொகூர் ஆறுகளில் நிஜ முதலையே உண்டு என்பது அவருக்கு அப்போது நினைவு வரவில்லை போலிருக்கிறது. முதல் வருடம் முழுக்க ஆட்கள் போன் போட்டு, உங்கள் ஏரியில் முதலை எத்தனை இருக்கிறது என்று கேட்டார்களாம். கடைசியில் அந்த முதலைக்குப் பக்கத்திலேயே 'இங்கு முதலை இல்லை' என்று இன்னொரு பலகை வைக்க வேண்டி வந்தது.

நான் கல்யாணமாகி வந்தபோது ஊர் உச்சத்தில் இருந்தது. சனி ஞாயிறுகளில் சிங்கப்பூர்க் கார்கள் செம்பனை வரிசை வரைக்கும் நிற்கும். உப்பில்லாத தண்ணீர், குளித்து எழுந்தால் தலைமுடி பிசுபிசுக்காது என்று அந்தப் பெண்களுக்கு அதில் ஒரு மோகம். பிறகு தவுக்கே இறந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். குடில்களைக் கரையான் எடுத்துக்கொண்டது. கோவிட் வந்து எல்லாவற்றையும் அடைத்தது. திறந்த பிறகு, யாரோ ஒரு பெண் அந்தச் சிமெண்ட் முதலையின் தலைமேல் ஏறி ஆடி அதைப் போனில் போட்டாள். அடுத்த வாரம் கார் நிறுத்த இடமில்லை. இப்போது வேறொருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். பாசிர் கூடாங் ஆலைகள் குடும்ப தினம் என்று பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவருகின்றன. தீபாவளிக்கு மறுநாள் நம் ஆட்கள் வருவார்கள் பாருங்கள், ஆட்டுக்கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு. புதுச் சேலையோடு தண்ணீரில் இறங்குகிற பெண்களை அன்றைக்குத்தான் பார்க்கலாம். அந்த வாரத்துக் கூட்டத்தை நம்பித்தான் மழைக்காலத்தை ஓட்டுகிறோம்.

நான் கரையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறேன், தேநீரும் உண்டு. என் வீட்டுக்காரர் தண்ணீரைக் கூட்டுகிறவர். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். ஆட்கள் வருவதற்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, நீளக் கழி வைத்த வாரியால் இலை, பிளாஸ்டிக், விழுந்தது, செத்தது எல்லாவற்றையும் கரைக்கு இழுப்பார். பிறகு மணலையும் வாரி, நேற்றைய காலடி ஒன்றுகூடத் தெரியாமல் செய்வார். முதலில் வந்து இறங்குகிற குடும்பம், "பாரேன், யாருமே மிதிக்காத மணல்" என்று சொல்லும்போது என் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நானும் அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நிமிர்வேன்.

செத்தது என்று சொன்னேன். செம்பனைக்குள் எலி இல்லாமல் இருக்காது. அதற்கு மேல் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பேசாததற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் குளித்துவிட்டுப் போய்க் காய்ச்சலில் படுத்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் என்று தெரிந்தது. சுகாதார இலாகா வந்து தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் போனது. ஏரியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடாவை அவிழ்த்த பிறகும் வெகுநாள் ஆட்கள் வரவில்லை. சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு செனாய் ஆலைகளுக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, தானாக வந்தது. காய்ச்சல் என்று கிளினிக்குப் போனால், ஆறு, குளம், அருவி எங்கேயாவது இறங்கினீர்களா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்போம். செம்பனையில் புல் வெட்டினேன் என்போம். கிளினிக்கில் போய்க் கேட்டால், எங்கள் ஏரியில் எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூடக் குளித்ததில்லை. செம்பனையிலும் எலி உண்டு என்பதால் டாக்டர் அதற்குரிய மருந்தையே தந்துவிடுவார். ஆளும் பிழைப்பார், ஏரியும் பிழைக்கும். கெட்டிக்காரப் பொய்தான்.

ஆனால் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. ஒரு சின்ன ஊரில் இத்தனை பேர் புல் வெட்டிக் காய்ச்சலில் விழுந்தால் இலாகா தோட்டத்துக்குப் போகாதா? போனது. தோட்டத்து மேனேஜர் கொதித்துப்போய், உங்கள் ஊர் ஆளுக்கு இனி இங்கே வேலை கிடையாது என்றார். அன்றோடு புல் என்ற சாக்கும் போயிற்று. மிச்சம் இருந்தது கொசு. கொசுவுக்கு மேனேஜர் கிடையாது.

கிளினிக்கில் என் வீட்டுக்காரர் என்னை வாய் திறக்கவே விடவில்லை. "வீட்டுப் பக்கம் கொசு ஜாஸ்தி டாக்டர். வாளித் தண்ணியிலகூட புழு நெளியுது" என்றார். என் வீட்டு வாளியில்! ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத் தட்டு, பிளேட்லெட் என்பார்களே, அது குறைந்திருந்தது. டிங்கி மாதிரித்தான் இருக்கிறது, தண்ணீர் நிறையக் கொடுங்கள், தினமும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அந்த இன்னொரு காய்ச்சலிலும் ரத்தத் தட்டு குறையும் என்று எனக்கு அப்போது தெரியாது. கொசு என்று சொன்னவரும் அவர்தான், கொசுக் காய்ச்சல் என்று வந்ததும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டவரும் அவர்தான். தன் பொய்யைத் தானே நம்புகிற அளவுக்கு அவருக்குத் தலைவலி.

டிங்கி என்ற சொல் வெளியே வந்ததும் ஊர் மூச்சு விட்டது. அன்று சாயங்காலமே நண்டு சூப் வர ஆரம்பித்தது. டிங்கிக்கு நண்டு சூப் என்பது இங்கே மூன்று இனத்துக்கும் பொதுவான வைத்தியம். சீனர் வீட்டிலிருந்து இஞ்சி போட்டது வந்தது, மலாய்க்காரர் வீட்டிலிருந்து எலுமிச்சைப்புல் போட்டது வந்தது, நம்மவர்கள் மிளகைக் கொட்டிக் கொண்டுவந்தார்கள். யாரோ பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்து வந்தார்கள். என் சமையல் மேடை முழுக்க அடுத்த வீட்டுப் பாத்திரங்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் லோரி டயரின் ரப்பர் டியூப்களை மிதப்பதற்கு வாடகைக்கு விடுகிற அம்மாவை எல்லாரும் டியூப் அக்கா என்போம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவரும் சூப்போடு வந்தார்.

"என்ன தங்கச்சி, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? டிங்கிதானே? என் வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ வந்துச்சு. இப்பப் பாரு, எருமை மாதிரி இருக்காரு."

"கெண்டைக்கால் வலிக்குதுங்கிறாருக்கா. தொட்டா கத்துறாரு."

"காய்ச்சல்னா கால் வலிக்காம பின்ன காதா வலிக்கும்?"

"கண்ணு வேற செவந்து கெடக்கு."

"நீ நிமிஷத்துக்கு ஒருக்கா எமையத் தூக்கிப் பாத்தா செவக்காதா? மனுஷனத் தூங்க விடு லா!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்தால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்போல இருந்தது. அக்கா போன பிறகு போய் மறுபடியும் என் வீட்டுக்காரரின் கெண்டைக்காலை லேசாக அழுத்தினேன். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

மகளுக்குப் போன் போட்டேன். கால் வலி, கண் சிவப்பு என்று சொன்னேன். அவள் எதையோ தேடிப் படிப்பது தெரிந்தது.

"அம்மா, அப்பா தண்ணியில நிக்கிறத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அப்பா கொசுன்னு சொல்லிட்டாரும்மா."

"அலமாக்! விளையாடுறீங்களா ரெண்டு பேரும்? கிட்னியப் புடிச்சிரும்மா. போய்ச் சொல்லுங்க. இன்னிக்கே."

எல்லாரையும் சாகடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற புத்தி என்னுடையது. எப்போதும் என்னை அடக்குகிறவள் அவள். அவளே பயந்தபோது எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, உண்மையச் சொல்லிருவோங்க."

"தீபாவளி முடியட்டும்."

"தீபாவளிக்கு நீங்க இருக்க வேணாமா?"

"ஊரு என்னைக்கும் நம்மளத் திட்டும்னு பயந்து நான் மறைக்கல" என்றார். கண்ணைத் திறக்கவே இல்லை. "நான் யாரு? அந்தத் தண்ணியக் கூட்டுறவன். என் ஒடம்ப வச்சே அது அசுத்தம்னு எழுதிட்டா, நான் இத்தன வருஷமா என்னத்தக் கூட்டுனேன்?"

ஊருக்காகத்தான் மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கோபத்தை எல்லாம் அதற்கேற்ற மாதிரி தயார் செய்து வைத்திருந்தேன். இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறியிருந்தது. கிளினிக்கில் பார்த்தவுடனே ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, எங்கள் வேனை ஓட்டத் தெரிந்தவரோ படுத்துக் கிடந்தார். ஊர் முகப்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய்க்குப் போன் போட்டேன். கரையில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான் பேச்சுக்கு முன் நிற்பவர். சட்டையில் மாவு ஒட்டியிருக்க, கல்லாவை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் பின் இருக்கையில் என் தோளில் சாய்ந்திருந்தார். பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"தங்கச்சி, அங்க போனா கேப்பாங்க."

"தெரியும் பாய்."

"நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சுப் பேசு, அவ்வளவுதான். பஸ்ஸெல்லாம் புக் ஆயிருக்கு. அந்த டியூப்காரம்மா புதுசா டியூப் எறக்கி வச்சிருக்கு. நானே கடைக்கு ரெண்டு ஆளு சேத்துட்டேன். தீபாவளி வருது..."

"பாய், அவரு நேத்துலேருந்து ஒண்ணுக்குப் போகல."

நெடுஞ்சாலையில் எப்போதும் இடது ஓரமாகவே உருட்டிக்கொண்டு போகிற பாய் வலது தடத்துக்குப் போனார். முன்னால் போன காருக்கு விளக்கை அடித்து அடித்து விலக்கினார்.

அவசரப் பிரிவில் பார்த்தவர் சின்ன வயது மலாய்ப் பெண் டாக்டர். முதலில் என் வீட்டுக்காரரிடமே கேட்டார். அவர் ஏதோ இலை, வாத்து என்று குழறினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். பாய் என் வீட்டுக்காரரின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒட்டி நின்றிருந்தார். டாக்டர் மலாயில் அதே கேள்வியைக் கேட்டார்: சமீபத்தில் ஆறு, ஏரி, அருவி எங்கேயாவது தண்ணீரில் இறங்கினாரா?

என் மலாய் கடைத்தெரு மலாய். விலை சொல்ல வரும், இதைச் சொல்ல வருமா? என் சமையல் மேடையில் வரிசையாக இருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்தன. எந்த மூடி யாருடையது என்றுகூடத் தெரிந்தது. என் தோளில் அவர் தலை சுட்டுக்கொண்டிருந்தது.

"ஏரி" என்றேன். "தினமும். இடுப்பு வரைக்கும் நிப்பாரு. அதான் அவரு வேலை."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினார். எந்த ஏரி என்றார். பெயரைச் சொன்னேன்.

"அந்த முதலை இருக்கிற இடமா?" என்றார். "போன பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கேதான் போனோம்."

"ஆமா டாக்டர். அந்த முதலைதான்."

அவர் முகத்தில் என்னைப் போலவே ஒரு அம்மா ஒரு நொடி வந்து போனாள். பிறகு தாதியைக் கூப்பிட்டு மருந்தின் பெயரை வேகமாகச் சொன்னார். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் பார்த்தால் பாயைக் காணோம். வெகுநேரம் கழித்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரோடு வந்தார்.

"குடி. சீனி கொறச்சுப் போடச் சொன்னேன்."

வாங்கிக்கொண்டேன்.

"நான் கார் நிறுத்தப் போயிருந்தேன் தங்கச்சி. நீ உள்ள என்ன பேசுனேன்னு எனக்குத் தெரியாது."

கார் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அவரிடமிருந்த அடையாள அட்டையை அப்போதுதான் என்னிடம் கொடுத்தார். ஊரில் யார் கேட்டாலும் இன்றைக்கு வரைக்கும் அவர் அதையேதான் சொல்கிறார்: நான் கார் நிறுத்தப் போயிருந்தேன்.

மருந்தை மாற்றினார்கள். சிறுநீரகம் வேலை செய்யாததால் சில நாள் இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் கொசுவுக்கே வைத்தியம் பார்த்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நான் பயந்த ஒன்று நிஜமாகவே நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏரியை மூடினார்கள். மஞ்சள் நாடாவை முதலையின் வாய்க்குள்ளும் விட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள், செய்தி தெரியாத சில குடும்பங்கள் கறிச் சட்டியோடு வந்து, நாடாவைப் பார்த்துவிட்டு, சாலையோரத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயின.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. பாத்திரம் வாங்க வந்தார்கள். ஒவ்வொருவராக, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தங்கள் சட்டியையும் மூடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். டியூப் அக்கா கடைசியாக வந்தார்.

"உள்ள வாங்கக்கா."

"வேலை கெடக்கு." சட்டியைத் திருப்பிப் பார்த்தார், நான் ஏதோ கீறல் போட்டுவிட்ட மாதிரி. "ஊர்ல எல்லாருக்கும்தான் காய்ச்சல் வந்துச்சு. உன் வீட்டுக் காய்ச்சலுக்குத்தான் வாய் இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். யார் சொன்னது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டால் "போதும்" என்பார். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, அணைத்து வைத்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உயிர் பிழைத்த மனிதரிடம் கோபமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து தண்ணீர்ச் சோதனையில் பாதகமில்லை என்று வந்தது. நாடாவை அவிழ்த்தார்கள். புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று ஒரு பலகை வைத்தார்கள். கூட்டுகிற வேலைக்கு வந்த புது ஆட்களுக்கு நெஞ்சு வரைக்கும் ரப்பர் உடை கொடுத்தார்கள். கார்கள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. ஒரு பாசிர் கூடாங் ஆலை குடும்ப தினத்துக்கு பஸ் பேசியது. ஊரே மணலைக் கூட்டியது. நானும் கடையைக் கழுவினேன். யாரும் என்னிடம் பேசவில்லை என்றாலும், தண்ணீர் வாளியை நகர்த்திக் கொடுத்தார்கள்.

பஸ் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், உச்சி வெயிலில், டியூப் அக்கா என் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சுவெட்டர் போட்டிருந்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு அப்ப கால் எந்த எடத்துல வலிச்சுச்சுன்னு சொன்ன?"

நான் குனிந்து அவர் கெண்டைக்காலைத் தொட்டேன். என் தோளைப் பிடித்து அமுக்கினார், நகம் பதிகிற மாதிரி.

"போன வாரம் புதுசா எறக்குன டியூப்பையெல்லாம் ஏரியிலதான் கழுவுனேன்" என்றார். "குழாய்த் தண்ணியில கழுவியிருக்கலாம். யாரு தூக்குறது?"

எனக்கு மோட்டார் மட்டும்தான் ஓட்ட வரும். என்ன செய்வதென்று திரும்பினால், என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து எங்கள் வேனின் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் வண்டியைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

வேனில் கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா கேட்டார், "நான் என்னன்னு சொல்லணும்?" என்னைத்தான் கேட்டார். ஆனால் முன்னாலிருந்து என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"ஆத்துக்கு மீன் புடிக்கப் போனேன்னு சொல்லுங்கக்கா. எங்கயோ தூரத்து ஆத்துல. மருந்து ஒண்ணுதான்."

இத்தனை மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பயப்படுகிறவள் நான், அன்றைக்கு டாக்டர் முன்னால் எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அவரும் பிழைத்திருப்பார், ஊரும் தீபாவளி கொண்டாடியிருக்கும். அதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

"நான் எந்தக் காலத்துல தம்பி தூண்டில் புடிச்சேன்?" என்றார் அக்கா. காய்ச்சலோடும் சிரித்தார். "புழுவக் கண்டாலே எனக்குக் கொமட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

நான் சன்னல் வழியாகச் செம்பனையைப் பார்த்தேன். மீன் என்று சொன்னால் மருந்து கிடைக்கும். நாளைக்குப் பஸ்ஸும் வரும். பஸ்ஸில் வருகிறவர்கள் தூரத்து ஆற்றில் குளிக்க மாட்டார்கள். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். முன்னால் அவருடைய மெலிந்த கழுத்து தெரிந்தது. சொல்லாமல் விட்டேன்.

கிளினிக்கில் அக்காவின் எண் வந்ததும் நானும் எழுந்தேன். "நீ இரு" என்று சொல்லிவிட்டு அக்கா தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கையில் மருந்துப் பை. என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த அதே மாத்திரை. அந்த மாத்திரை ஏரி என்றாலும் கொடுப்பது, ஆறு என்றாலும் கொடுப்பது. உள்ளே என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலாகாவின் வெள்ளைக் கார் முதலில் வருமா, பஸ் முதலில் வருமா என்று. பஸ்தான் வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடினார்கள். பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தது. வருடத்தின் முதல் பெரிய கூட்டம், அக்கா டியூப்களைச் சங்கிலி போட்டுக் கட்டி, தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார். காய்ச்சலால் வராமல் இருந்திருக்கலாம். அவர் மகனை அனுப்பியிருக்கலாமே, ஏன் அனுப்பவில்லை என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் வந்த பெண் ஒருத்தி, ஆலையின் பெயர் போட்ட சட்டை, இடுப்பில் கைக்குழந்தை, என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, டியூப் கடை எப்பத் தொறப்பாங்க? பிள்ளைங்க நச்சரிக்குதுங்க."

"இன்னிக்குத் தொறக்க மாட்டாங்கம்மா. அந்தம்மாவுக்குக் காய்ச்சல்."

"ஐயோ. என்ன காய்ச்சல்?"

கரை ஓரத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். புது ஆட்கள் வாரிவிட்ட மணல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு வெளியே வந்து, அவளுக்கு எலியால் தண்ணீரில் வருகிற அந்தக் காய்ச்சலின் பெயரைச் சொன்னேன்.